ரவாங்குக்கு மாற்றலானவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு உஷாராணி கணினியைத் திறந்தபோது பாட்டு வரவில்லை. பாட்டு வர வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் நாலு வரி நின்றது. எங்கள் இணையப் பாட்டுச் சேவை நேற்றோடு நிறுத்தப்பட்டது, இத்தனை ஆண்டுகள் எங்களோடு இருந்ததற்கு நன்றி. அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. மூன்று மாதமாக அவர்கள் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. டயாலிசிஸ் மையத்தை நடத்தும் சங்கத்தின் பெயரில் இருந்த அந்த அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் சங்கத்தில் யாருக்கும் இல்லை.

மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் ஒரு டயர் கடைக்கும் சீன மருந்துக் கடைக்கும் நடுவே இருக்கிறது அந்த டயாலிசிஸ் மையம். பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு இயந்திரம். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், சிறுநீரகம் கைவிட்டவர்கள் கையில் இரண்டு ஊசியோடு இங்கே சாய்ந்து கிடப்பார்கள். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாயில் உள்ளே வரும். ஒரு தடவை வராவிட்டால் மூச்சு வாங்கும். இரண்டு தடவை வராவிட்டால் உயிருக்கே உலை. அந்த நாலு மணி நேரத்தை எப்படித்தான் தள்ளுவது? உஷாராணி இங்கே பொறுப்புத் தாதியாக வந்த வருஷம் கண்டுபிடித்ததுதான் பாட்டு. நாற்காலி வரிசைப்படி ஆளுக்கொன்று. ஒன்றாம் நாற்காலி கேட்டது முடிந்தால் இரண்டாம் நாற்காலி கேட்டது. பன்னிரண்டும் முடிந்தால் மறுபடி ஒன்று. இதில் சண்டை உண்டு, கேலி உண்டு, லிம் அங்கிள் இருந்த காலத்தில் சீனப் பாட்டும் உண்டு.

அன்றைக்குப் பாட்டு இல்லாமல் பன்னிரண்டு இயந்திரமும் ஓடின. அவை இவ்வளவு சத்தம் போடும் என்று யாருக்கும் அதுவரை தெரியாது. தங்கள் ரத்தம் சுற்றும் சத்தத்தைத் தாங்களே கேட்டுக்கொண்டு எல்லாரும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். மூன்றாம் நாற்காலி ஜெயமாலா ஆன்டிக்கு ஒன்பது மணிக்கே பிரஷர் இறங்கிவிட்டது.

"மிஸ்ஸி, இப்படியே விட்டா நாங்க எல்லாரும் பைத்தியமாயிருவோம்லா," என்றார் ஏழாம் நாற்காலி திருச்செல்வம். இந்த ஊரில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். "கம்ப்யூட்டர்லயே பாடற பிளேயர் எத்தனையோ இருக்கு. ஃபிரீ. நான் பாக்கறேன்."

திருச்செல்வம் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு தாமான் குடியிருப்பில் யார் வீட்டுக் கணினி மக்கர் பண்ணினாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. மனைவி போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது, மகன் ஆஸ்திரேலியாவில். வாரத்தில் மூன்று நாள் இந்த நாற்காலிதான் அவருக்கு ஊர், உறவு, காப்பிக்கடை எல்லாம்.

சொன்னபடியே வியாழக்கிழமை அரை மணி நேரம் முன்னதாக வந்து, எடை கூடப் பார்க்காமல், நேராகக் கவுண்டருக்குள் நுழைந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி முடிப்பதற்குள் மூன்று பிளேயரை இறக்கினார். முதலாவது, வணக்கம் சொல்வதற்கு முன்னாலேயே வங்கி அட்டை எண் கேட்டது. இரண்டாவது, உடம்பு இளைக்கும் மருந்துக்கு விளம்பரம் பாடியது. எலும்பும் தோலுமாக இருந்த ஒன்பதாம் நாற்காலிக்காரர் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் குழாயே ஆடியது. மூன்றாவது நல்ல பிள்ளை. சாம்பல் நிறத்தில், ஒரு அலங்காரமும் இல்லாமல், ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்துகொண்டது. பட்டியல் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறிச்சோடிக் கிடந்தது.

"பாட்டு எங்கண்ணே?" என்றாள் உஷாராணி.

"பாட்டு நம்மதான் போடணும் மிஸ்ஸி. இது வெறும் பாடற பொட்டி."

"அப்போ இத்தனை வருஷமா நம்ம சேத்து வச்சது?"

"அது எங்க நம்ம பாட்டு. அவன் பாட்டு. அவன் கடைய மூடும்போது எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

இந்தப் பதில் ஒரு நிமிஷம் யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தபோது அறையே ஆடிப்போய்விட்டது. ஜெயமாலா ஆன்டி, "ஏழு வருஷமா என் பாட்டு, என் பாட்டுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே, அதுல ஒண்ணு கூட என்னுது இல்லையா," என்று கேட்டுவிட்டுத் தன் கையில் இருந்த குழாயைப் பார்த்துக்கொண்டாள். ஒரே ராத்திரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன திருடனைப் பற்றிப் பேசுவதுபோல எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். உஷாராணிக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அவளுடைய உண்மையான அதிர்ச்சி அதற்கு அடுத்த வாக்கியத்தில் காத்திருந்தது.

"கமலநாதன்கிட்ட இருக்கு," என்றார் திருச்செல்வம். "ஹார்ட் டிஸ்க்ல மூவாயிரம் பாட்டு வச்சிருக்கான். நெட்ட நம்பாத, நெட்ட நம்பாதன்னு அடிச்சுக்குவான். ரவாங் சென்டருக்கு ஒரு போன் போடுங்க மிஸ்ஸி."

உஷாராணியின் கை, பிடித்திருந்த பஞ்சுப் பொட்டலத்தோடு அப்படியே நின்றது.

கமலநாதன் ரவாங்கில் இல்லை. ஜூன் மாதம் பதினோராம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், இதயம் நின்று இறந்துபோனார். பக்கத்து ஊரான காப்பாரில் அவர் வீட்டுச் சாவுக்கு உஷாராணியே போய், பிணத்தின் காலடியில் நின்று அழுதுவிட்டு வந்தாள். மறுநாள் காலை, ஆறாம் நாற்காலி ஏன் காலி என்று திருச்செல்வம் கேட்டபோது, அவர் ரவாங் மையத்துக்கு மாறிவிட்டார், மகன் வீடு அங்கே பக்கம் என்று சொன்னாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழாமல் சொன்னாள். அதே சங்கம் ரவாங்கிலும் ஒரு மையம் நடத்துவதால் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

அவளைக் கேட்டால் காரணம் சொல்வாள். நாலு வருஷத்துக்கு முன் ராதாகிருஷ்ணன் என்பவர் இறந்த செய்தியை அறையில் நேரடியாகச் சொன்னாள். பக்கத்து நாற்காலிக்காரர், இனி எதுக்கு இந்த ஊசி என்று சொல்லி வராமல் இருந்துவிட்டார். வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள். ஒன்பதாம் நாள் அவரும் போய்விட்டார். அதிலிருந்து இந்த மையத்தில் யாரும் சாவதில்லை. எல்லாரும் ரவாங்குக்குப் போகிறார்கள். சீவரத்தினம் சார், சீதாலெட்சுமி அக்கா, லிம் அங்கிள், கமலநாதன். வீட்டாரிடமும் கெஞ்சிக் கேட்டு வாயைக் கட்டிவிடுவாள். நோயாளிகளும் துருவிக் கேட்பதில்லை. புது ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கும் ஒரு பாட்டுக் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடும். நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று அவள் நம்பினாள். நம்பிக்கொண்டே வந்ததில் சில சமயம் ரவாங்கில் அவர்கள் உண்மையிலேயே சாய்ந்து படுத்திருப்பதுபோலக் கூடத் தோன்றும்.

"நான் கேட்டுச் சொல்றேன்ணே," என்றாள்.

"கேளுங்க. என் போன எடுக்க மாட்டேங்கறான், ராஸ்கல். ஒரு வார்த்தை சொல்லாம போனானே, அந்தக் கோவத்துல நானும் விட்டுட்டேன். இப்ப பாட்டுக்காகவாச்சும் பேசித்தானே ஆகணும்."

அன்று முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். டிஸ்க் கெட்டுப்போய்விட்டதாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஏதாவது கடையில் பாட்டு வாங்கி, கமலநாதன் அனுப்பியதாகச் சொல்லிவிடலாம் என்றும் யோசித்தாள். ஒரு பொய்க்குக் கூரை போட இன்னும் மூன்று பொய் தேவைப்பட்டது. சனிக்கிழமைக்குள் ஏதாவது தோன்றும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரவாங் மையத்துத் தாதி புனிதா கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க பேஷண்ட் ஒருத்தர் கம்யூட்டர் ரயில் ஏறி இங்க வந்திருக்காரு. கையில ஆப்பிள் பையோட. ஒவ்வொரு நாற்காலியா போய்ப் பாக்கறாரு."

உஷாராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரைக் கேட்டாரு?"

"முதல்ல கமலநாதன்னு கேட்டாரு. இல்லன்னேன். மத்தியான ஷிப்டான்னாரு. அப்படி ஒரு ஆளே இல்லன்னேன். அப்புறம் இன்னும் மூணு பேரை ஒண்ணொண்ணா கேட்டாரு. சீவரத்தினம் இருக்காரா, சீதாலெட்சுமி இருக்காங்களா, லிம் இருக்காரா. கிள்ளான்லேருந்து யாருமே இங்க மாறி வந்ததில்லையே அங்கிள்னு சொன்னேன். எனக்குத் தெரியாதேக்கா. அந்த மனுஷன் மூஞ்சி எப்படியோ ஆயிருச்சு."

"இப்ப எங்க அவரு?"

"ஆப்பிள் பைய கவுண்டர்ல வச்சிட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு."

பொட்டாசியம் குறைவு என்று டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அனுமதித்த சில பழங்களில் ஆப்பிளும் ஒன்று. சொல்லாமல் போன நண்பனோடு சமாதானம் செய்துகொள்ள அவர் அதைத்தான் வாங்கிக்கொண்டு போயிருந்தார். உஷாராணி மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து அவருடைய கைபேசிக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தது. மாலை வரை பதினேழு முறை கூப்பிட்டாள். அவர் வீட்டுக்கும் போய்ப் பார்த்தாள். கேட் பூட்டியிருந்தது. வராமல் இருந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய். அதே பொய்யால் இந்த மனிதர் வராமல் போய்விட்டால்? ராதாகிருஷ்ணனின் பக்கத்து நாற்காலிக்காரர் முகம் இரவு முழுக்க அவள் கண்ணுக்குள் நின்றது.

சனிக்கிழமை ஆறரைக்குப் பதினோரு பேர் வந்தார்கள். ஏழாம் நாற்காலி காலி. ஏழு மணி ஆயிற்று. ஏழரை ஆயிற்று.

"திரு எங்க மிஸ்ஸி?" என்றாள் ஜெயமாலா ஆன்டி.

உஷாராணி வாயைத் திறந்தாள். ரவாங் என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை உணர்ந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

எட்டு மணிக்குக் கதவு திறந்தது. முந்தாநாள் உடுத்தியிருந்த அதே சட்டையில், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு திருச்செல்வம் வந்தார். யாரையும் பார்க்காமல் எடை பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தார், கையை நீட்டினார். உஷாராணி ஊசி குத்த வந்தாள். இருபது வருஷமாக ஊசி குத்துகிற கை முதல் முறை தவறியது. அவர் முகம் சுளிக்கவில்லை.

"காப்பாருக்குப் போனேன்," என்றார் மெதுவாக. பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை. "செருப்பைக் கழட்டும்போதே பாத்துட்டேன், மாலை போட்ட படத்தை. அவன் சம்சாரம் என்னைப் பாத்ததும், இப்பதான் வர்றீங்களா அண்ணேன்னு கேக்குது. நான் என்ன பதில் சொல்றது மிஸ்ஸி? இத்தனை மாசமா ஒரு செத்த மனுஷன் மேல கோவமா இருந்திருக்கேன். போன எடுக்கலன்னு திட்டி திட்டி மெசேஜ் வேற அனுப்பியிருக்கேன். அது எல்லாத்தையும் அந்தம்மா படிச்சிருக்கு."

"அண்ணே, நான்…"

"ஊசிய குத்துங்க."

இரண்டாவது ஊசி சரியாக இறங்கியது. அவர் பையை அவள் பக்கம் தள்ளினார். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க், ரப்பர் வளையம் போட்டுச் சுற்றியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் முறை வரும்போது என்னை ரவாங்குக்கு அனுப்பாதீங்க. திருச்செல்வம் செத்துட்டான்னு சொல்லுங்க. ரெண்டு பேராவது எனக்காக அழட்டும்."

உஷாராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கணினியில் செருகினாள். அந்தச் சாம்பல் நிறப் பிளேயர் அதை முகர்ந்து பார்த்து, பாட்டுகளை அள்ளி அள்ளிப் பட்டியலில் போட்டது. மூலையில் எண் நூறு, ஆயிரம் என்று ஓடி மூவாயிரத்தைத் தாண்டி நின்றது. முதல் பாட்டு ஒலித்ததும் அறைக்கு உயிர் வந்தது. நாலு நாளாகப் பாட்டில்லாமல் கிடந்தவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஏய் திரு, நீயே ரவாங்குக்குப் போனியா? கமலநாதனைப் பாத்தியா? எப்படி இருக்கான்?" என்றார் ஒன்பதாம் நாற்காலி.

உஷாராணி கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். போட்டு உடைக்கட்டும், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தாள். திருச்செல்வம் அறையை ஒரு சுற்று பார்த்தார். பதினோரு முகங்களும் அவரையே பார்த்தன.

"பாத்தேன்," என்றார். "நல்லாத்தான் இருக்கான். கொஞ்சம் எளைச்சிருக்கான். சீவரத்தினம் சாரு, அக்கா, லிம் எல்லாரும் ஒரே வரிசையில படுத்துக்கிட்டு ஒரே அரட்டை. எல்லாரையும் கேட்டதா சொன்னாங்க. இடம் நல்லா விசாலமா இருக்குலா. ஜன்னல் பக்கத்துல மரம் இருக்கு."

உஷாராணி பேயறைந்தவள்போல நின்றாள். அவள் சொன்ன ஒரு வரிப் பொய்க்கு இந்த மனிதர் ஜன்னலும் மரமும் வைத்துக் கொடுத்துவிட்டார். கோபத்தோடு வந்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த முகங்களைப் பார்த்ததும் அவருக்கும் நாக்கு எழவில்லை போலிருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை.

"மிஸ்ஸி, அப்போ எனக்கும் ரவாங்குக்கு மாத்திக் குடுங்களேன்," என்றாள் ஜெயமாலா ஆன்டி. "என் மக ராஜினி வீடு அங்கதானே. வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. யாரையும் தெரியாத இடமாச்சேன்னுதான் யோசிச்சேன். இப்பதான் நம்ம ஆளுங்க நாலு பேரு இருக்காங்களே. அக்கா பக்கத்துல எடம் காலியா இருக்கான்னு கேளுங்க."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. திருச்செல்வத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய இயந்திரம் பிரஷர் இறங்கியதென்று கீங் கீங்கென்று அலறியது. அவர் உஷாராணியைப் பார்த்தார். நான் ஒரு பொய்தான் சொன்னேன், அதற்கே இந்த அம்மா பெட்டியைக் கட்டுகிறாள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

உஷாராணி போய் அவருடைய காலை உயர்த்தி வைத்து, இயந்திரத்தின் அலறலை நிறுத்தினாள். பிறகு கவுண்டருக்கு வந்து பாட்டை நிறுத்தினாள்.

"ஆன்டி," என்றாள். "கமலநாதன் அண்ணன் ரவாங்குல இல்ல. ஜூன் மாசமே இறந்துட்டாரு. நான்தான் பொய் சொன்னேன். இப்ப திரு அண்ணன் சொன்னதும் எனக்காகத்தான்."



"சீதாலெட்சுமி?" என்றாள் ஆன்டி.

"போன வருஷம், தைப்பூசத்துக்கு முந்தின வாரம்."

"லிம்?" என்று ஒன்பதாம் நாற்காலி கேட்டார்.

"இறந்துட்டாரு."

"சீவரத்தினம் சார் எனக்கு ரேடியோ தர்றேன்னு சொன்னாரே," என்றது ஒரு குரல். அது கேள்வி இல்லை. ஆனாலும் உஷாராணி, அவரும் இறந்துவிட்டார் என்று பதில் சொன்னாள். நாலு சாவும் ஒரே காலையில் அந்த அறைக்குள் வந்து விழுந்தது. இரண்டு இயந்திரம் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவதும் அலறியது. ஆறாம் நாற்காலியில் புதிதாக வந்த கிருபானந்தன், மாற்றலாகிப் போனவருடைய இடம் என்று சொல்லித் தனக்குக் கொடுத்த அந்த நாற்காலியை, இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

உஷாராணி நடு அறையில் நின்றாள். செவ்வாய்க்கிழமை இந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. வாங்க, எல்லாரும் வந்துடுங்க என்று கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஜெயமாலா ஆன்டி ஊசி இல்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரவாங்குல சென்டர்னு ஒண்ணு நிஜமாவே இருக்குதானே மிஸ்ஸி?"

"இருக்கு ஆன்டி."

"மக கூப்பிடறது நிஜம். நானும் போகலாம்னுதான் இருக்கேன்," என்றாள். "ஆனா நான் அங்க உயிரோட உக்காந்திருக்கேன்னு நீங்க சொன்னா, இங்க இனிமே யாரு நம்புவா?"